மக்னீசியம் சிப்ஸ் பற்றிக்கொண்டால் எதைக் கொண்டு அணைப்பது?

கோவை_லேத் எழுதியது:

வணக்கம். கணபதி பக்கம் சிறிய சிஎன்சி பட்டறை நடத்துகிறேன். இதுவரை வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியம் என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு கஸ்டமர் மக்னீசியம் அலாயில் வார்த்த ஹவுசிங் கொடுத்து, துளை போட்டு ஃபேசிங் செய்து தரச் சொல்கிறார். ஏஇசட்91 என்ற ரகம். நல்ல வேலை, விலையும் கட்டுகிறது.

ஆனால் வெட்டும்போது விழும் உலோகச் சீவல், அதாவது சிப்ஸ், தீப்பிடிக்கும் என்கிறார்கள். பட்டறைச் சுவரில் ஏபிசி பவுடர் சிலிண்டரும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் மாட்டியிருக்கிறது. ரீஃபில் செய்ய வருபவரிடம் கேட்டால் "ஏபிசி எல்லாத் தீக்கும் ஆகும், வேறு எதுவும் வேண்டாம்" என்கிறார். கஸ்டமரின் குவாலிட்டி ஆள் "டி கிளாஸ் சிலிண்டர் இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? மணல் வாளி போதுமா? கூலன்ட் ஓடவிட்டால் தீயே பிடிக்காது அல்லவா? மெஷினில் நிற்கப்போவது ஐடிஐ முடித்து வந்த சின்னப் பையன்கள். அவர்களிடம் என்ன சொல்லி வைப்பது என்று தெரிந்த பிறகுதான் ஆர்டரை எடுப்பதாக இருக்கிறேன்.

நிலா_சேஃப்டி எழுதியது:

குவாலிட்டி ஆள் சொன்னதுதான் சரி அண்ணா. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். எங்களிடமும் மக்னீசியம் லைன் உண்டு.

ஏபிசி என்றால் ஏ, பி, சி மூன்றும்தான். ஏ மரம், காகிதம், துணி. பி எண்ணெய், பெட்ரோல். சி நம் ஊர் முறைப்படி எரிவாயு. எரியும் உலோகம் டி. அந்த எழுத்து சிலிண்டரில் இல்லையென்றால் அது உலோகத் தீக்கு ஆகாது. ஏபிசி பவுடரில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். விறகு மேல் உருகிப் படிந்து காற்றை மறைக்கும். மக்னீசியம் எரிகிற சூட்டில் அந்தப் படலம் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, சிலிண்டர் வேகமாக ஊதுவதால் எரிகிற சிப்ஸ் குவியல் கலைந்து நாலா பக்கமும் பறக்கும். ஓர் இடத்தில் இருந்த தீ பத்து இடத்துக்குப் போய்விடும். பையன் முகத்துக்கும் வரும்.

கார்பன் டை ஆக்சைடு இன்னும் மோசம். அந்த வாயுவுக்குள்ளேயே மக்னீசியம் நன்றாக எரியும். தண்ணீர், ஃபோம் இரண்டும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

கூலன்ட் பற்றிக் கேட்டீர்கள். தண்ணீர் கலந்த சாதாரண கூலன்ட் மக்னீசியத்துக்கு வேண்டாம். ஈரமான சிப்ஸ் மெதுவாக ஹைட்ரஜன் விடும். மூடிய டிரம்மில் அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மக்னீசியத்துக்கென்றே தயாரித்த கூலன்ட் சில இருக்கின்றன, ஆனால் அதற்கேற்ற வென்டிலேஷனும் சிப்ஸ் கையாளும் முறையும் வேண்டும். சின்னப் பட்டறைக்கு உலர்வாக வெட்டுவதோ மினரல் ஆயில் விடுவதோதான் நல்லது. டூல் கூர்மையாக இருக்கட்டும், ஃபீட் தாராளமாக இருக்கட்டும். மழுங்கிய டூல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நின்றால் மெல்லிய தூள் வரும், சூடும் ஏறும். தீ பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

மணல்வாளி எழுதியது:

மேடம் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டி கிளாஸ் சிலிண்டர் விலையைக் கேட்டால் சின்னப் பட்டறைக்காரன் ஆர்டரையே விட்டுவிடுவான். எங்கள் ஃபவுண்டரியில் எஸ்ஜி அயர்ன் (மக்னீசியம் சேர்த்துச் செய்யும் வார்ப்பிரும்பு) வார்க்கிறோம். உருகிய இரும்பு இருக்கும் லேடிலில் ஃபெரோ சிலிக்கான் மக்னீசியம் போடும்போது வரும் வெள்ளை வெளிச்சம் பழகியவர்களுக்குத் தெரியும். எங்கள் தலைமுறை முழுக்க மணலை வைத்துத்தான் சமாளித்திருக்கிறோம். உலர்ந்த மணல் எடுத்து மூடினால் காற்று போகாது, தீ அணைந்துவிடும். இதற்கு ஏன் இத்தனை செலவு?

வேதியாசிரியர் எழுதியது:

ஏன் எதுவுமே எடுபடுவதில்லை என்று பையன்களுக்குப் புரிந்துவிட்டால் எதைச் செய்யக் கூடாது என்பது தானாக நினைவில் நிற்கும். அதனால் கொஞ்சம் வேதியியல்.

விறகுத் தீயை அணைப்பதும் எண்ணெய்த் தீயை அணைப்பதும் ஒரே நம்பிக்கையில்தான் நடக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தடுத்துவிட்டால் தீ நின்றுவிடும் என்ற நம்பிக்கை அது. மக்னீசியத்துக்கு ஆக்சிஜன் மேல் இருக்கும் நாட்டம் அவ்வளவு பலமானது. காற்றில் கிடைக்காவிட்டால் வேறு பொருளிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பனைக் கரியாகத் தள்ளிவிடும். உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர்பனிக் கட்டியில் குழி தோண்டி, மக்னீசியத்தைக் கொளுத்திப் போட்டு, மேலே இன்னொரு கட்டியை மூடி வைக்கும் செய்முறை கல்லூரிகளில் பிரபலம். பனிக்கட்டிக்குள் விளக்கு வைத்ததுபோல எரியும். திறந்து பார்த்தால் வெள்ளை ஆக்சைடோடு கருப்புக் கரித்தூளும் இருக்கும்.

தண்ணீரிலும் அதே கதை. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். அந்த ஹைட்ரஜன் அங்கேயே பற்றும். நைட்ரஜனைக் கொண்டு மூடலாமே என்று கேட்பீர்கள். மக்னீசியம் நைட்ரஜனோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகும். எரிந்து முடிந்த சாம்பலில் ஈரம் பட்டால் அம்மோனியா நெடி அடிப்பதற்கு அதுதான் காரணம். டைட்டானியமும் நைட்ரஜனில் எரியக்கூடியது. ஆகவே மக்னீசியத்துக்கு மந்த வாயு என்றால் ஆர்கான், ஹீலியம் போன்றவைதான்.

மணல்வாளி நண்பருக்கு: மணலும் சிலிக்கான் டை ஆக்சைடுதான். அதிலும் ஆக்சிஜன் இருக்கிறது. நல்ல சூட்டில் மக்னீசியம் மணலிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கி சிலிக்கானைத் தள்ளும். ஒரு கைப்பிடி சிப்ஸ் என்றால் மணல் வெல்லும். ஒரு டிரம் எரிந்தால் தோற்கும்.

ஹோஸ்பைப் எழுதியது:

தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் சொன்ன வேதியியல் எனக்குப் பெரிதாகத் தெரியாது. மணல் வாளி தெரியும்.

ஆய்வுக்குப் போகும் இடங்களிலெல்லாம் சிவப்பு வாளி வரிசையாகத் தொங்கும். எட்டிப் பார்த்தால் பீடித் துண்டு, பாக்கு எச்சில், மழையில் நனைந்து கட்டியாகிப்போன மண். ஐப்பசி கார்த்திகையில் கூரைக்கு வெளியே தொங்கும் வாளியில் உலர்ந்த மணல் என்பது கிடையாது. உலோகத் தீயில் அந்த ஈரமண்ணைக் கொட்டினால் உள்ளே இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி, உருகிய உலோகத்தை வாரி இறைக்கும். ஈரமணல் மணல் இல்லாததைவிட ஆபத்து.

மணல்தான் வைப்பேன் என்றால் வறுத்து உலர்த்தி, மூடி இறுக்கமான இரும்பு டிரம்மில் வையுங்கள். உள்ளே நீளக் கைப்பிடி ஸ்கூப் ஒன்று. வாளியே வேண்டாம். அப்போதும் அது சின்னத் தீக்கு மட்டும்.

பையன்களிடம் இதையும் சொல்லுங்கள் தம்பி. மக்னீசியத்தின் வெளிச்சம் வெல்டிங் வெளிச்சம் மாதிரி கண்ணைக் கெடுக்கும். நேராகப் பார்க்கக் கூடாது. வெறுங்கையோடு, நைலான் டீசர்ட்டோடு கிட்டே போகக் கூடாது.

மணல்வாளி எழுதியது:

ஐயா, நான் சொன்னது வாளி மண் இல்லை. வார்ப்பு அச்சுக்குப் பயன்படுத்தும் கோர் சாண்ட், ட்ரையரில் போட்டு எடுத்தது. அது ஈரம் இல்லாதது. சின்னத் தீக்கு அது போதும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். லேத்துக்குக் கீழே ட்ரேயில் கிடப்பது ஒரு கிலோ சிப்ஸ்கூட இருக்காதே?

நிலா_சேஃப்டி எழுதியது:

ட்ரேயை அடிக்கடி எடுத்தால் ஒரு கிலோ இருக்காது. ஷிஃப்ட் முழுக்க எடுக்காமல் விட்டால்? அண்ணா, அதைத்தான் முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். மெஷினுக்குக் கீழே குவிய விடாதீர்கள். அலுமினிய சிப்ஸோடும் இரும்புத் துருவோடும் கலக்கவும் கூடாது. இரும்பு ஆக்சைடும் மெல்லிய மக்னீசியமோ அலுமினியமோ சேர்ந்து பற்றினால் அது தெர்மைட். தண்டவாளம் ஒட்டுவதற்கு ரயில்வே பயன்படுத்தும் அதே வினை. அதற்குத் தேவையான ஆக்சிஜன் அந்தத் துருவுக்குள்ளேயே இருப்பதால் மேலே எதைக் கொட்டி மூடினாலும் நிற்காது. கிரைண்டிங் வீல் பக்கத்தில் மக்னீசியம் வேலையே வைக்காதீர்கள்.

ராம்_இவி எழுதியது:

இழைக்குக் கொஞ்சம் தள்ளிய கேள்வி. எங்கள் ஷோரூமில் மின் ஸ்கூட்டர் விற்கிறோம். லித்தியமும் உலோகம்தானே? அப்படியானால் பேட்டரித் தீக்கு நாங்களும் டி கிளாஸ் வாங்க வேண்டுமா? ஒருவர் வந்து "லித்தியம் ஸ்பெஷல்" என்று ஒரு பவுடர் சிலிண்டரை விற்கப் பார்த்தார்.

நிலா_சேஃப்டி எழுதியது:

வாங்க வேண்டாம் ராம். இந்தக் குழப்பத்தால் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள், சிலர் உயிரையும் ஆபத்தில் வைக்கிறார்கள்.

ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதில் லித்தியம் தனி உலோகமாக இருப்பதில்லை, சேர்மமாக இருக்கிறது. எரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட், பிளாஸ்டிக், பிரிப்பான் படலம். ஒரு செல் சூடேறி அடுத்த செல்லைச் சூடேற்றும். அதை நிறுத்த ஒரே வழி சூட்டைத் தணிப்பது. சூட்டைத் தணிக்கத் தண்ணீரைப் போல மலிவான, பலமான பொருள் இல்லை. நிறைய வேண்டும், நீண்ட நேரம் ஊற்ற வேண்டும். அணைந்ததுபோல் தெரிந்து மணிக்கணக்கில் கழித்து மறுபடி பற்றும். உலோகத் தீக்கு ஆகாத தண்ணீர்தான் இங்கே மருந்து.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். வாசலிலும் படிக்கட்டுக்குக் கீழேயும் சார்ஜ் போடாதீர்கள் என்று உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டரையும்விட அது உயிர் காக்கும்.

தனி லித்தியம் உலோகம் இருக்கும் பேட்டரி வேறு. ரீசார்ஜ் செய்ய முடியாத ரகம், சில மீட்டர்களிலும் ராணுவக் கருவிகளிலும் வரும். தென்கொரியாவில் ஹ்வாசோங் நகரத்தில் 2024 ஜூன் 24 அன்று எரிந்தது அந்த வகைப் பேட்டரி செய்யும் ஆலை. 23 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் சாதாரண எக்ஸ்டிங்குஷரை எடுத்து அடிப்பது கண்காணிப்பு கேமராவில் தெரிகிறது. தீ அசரவில்லை. ஒரு நிமிடத்துக்குள் புகை அறையை மூடிவிட்டது.

ராம்_இவி எழுதியது:

மிக்க நன்றி மேடம். அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கல்பாக்கம்_பழையவர் எழுதியது:

சோடியம் பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் எழுதுகிறேன். மக்னீசியம் வைத்திருப்பவருக்கும் இதில் விஷயம் உண்டு.

கல்பாக்கத்தில் வேக ஈனுலை என்ற வகை அணு உலைக்குக் குளிர்விப்பான் திரவ சோடியம். சோதனை உலை 1985 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அடுத்துக் கட்டிய 500 மெகாவாட் உலையில் ஆயிரம் டன்னைத் தாண்டிய சோடியம். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும். உலையில் அது 500 டிகிரிக்கு மேலே ஓடுகிறது. குழாயில் சிறு விரிசல் விட்டாலும் வெளியே வந்து காற்றுப் பட்டவுடன் எரியும். பெட்ரோல் மாதிரி ஆளுயரச் சுவாலை எழும் என்று நினைப்பார்கள். சோடியக் குட்டையின் மேல் சுவாலை மிகத் தாழ்வாகவே இருக்கும். வெள்ளைப் புகைதான் அடர்ந்து எழும். அது காரப் புகை, கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். மூச்சுக்கருவி இல்லாமல் ஒரு அடி உள்ளே போக முடியாது.

அவ்வளவு சோடியத்தை யார் சிலிண்டர் பிடித்து அணைப்பது? முடியாது. அதனால் அணைக்கும் வேலையை ஆள் கையில் விடாமல் கட்டடத்திலேயே வைக்கிறார்கள். குழாய்க்குக் கீழே சரிவான மூடியுள்ள இரும்புத் தட்டு. சிந்துகிற சோடியம் சரிவில் ஓடி, சிறு துளை வழியாக அடியில் உள்ள தொட்டிக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் தீர்ந்ததும் தீ தானே நின்றுவிடும். தரையில் கான்கிரீட் வெளியே தெரியாதபடி எஃகுத் தகடு. ஏனென்றால் கான்கிரீட் பார்க்கக் காய்ந்திருந்தாலும் உள்ளே நீர் இருக்கிறது. சூடான சோடியம் பட்டால் அந்த நீரை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் விடும். உங்கள் பட்டறைத் தரையும் கான்கிரீட்தான் கோவை தம்பி, மறந்துவிடாதீர்கள். எரியும் மக்னீசியம் தரையில் கொட்டினால் தரை வெடித்துத் தெறிக்கும். சிப்ஸ் ட்ரே தடித்த இரும்பில், ஈரமே இல்லாமல் இருக்கட்டும்.

ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று நடந்ததைப் படித்திருப்பீர்கள். வெப்பமானி செருகியிருந்த உறை சோடிய ஓட்டத்தின் அதிர்வில் உடைந்து, சுமார் 640 கிலோ சோடியம் கொட்டி எரிந்தது. கசிவு மணி அடித்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உலையை நிறுத்தினார்கள். காற்றோட்டமும் ஓடிக்கொண்டிருந்ததால் புகை பல அறைகளுக்குப் போனது. யாரும் இறக்கவில்லை, கதிரியக்கமும் இல்லை. ஆனாலும் 2010 வரை உலை மறுபடி ஓடவில்லை. 2016இல் ஒரேயடியாக மூட முடிவு செய்தார்கள். ரஷ்யாவின் பிஎன்600 உலையில் 1997க்குள் 27 சோடியக் கசிவுகள், அவற்றில் 14 தீப்பிடித்தன. அந்த உலை இன்னும் ஓடுகிறது. கசியும், எரியும் என்று எதிர்பார்த்தே அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

சின்னக் கசிவுக்குப் பொடி உண்டு. சோடியத்துக்கு உலர்ந்த சோடியம் கார்பனேட் வகை, கிராபைட் வகை. ஊதி அடிக்க மாட்டோம். ஓரத்திலிருந்து மெதுவாகத் தூவி, மேலே கனமாக மூடி, அப்படியே விட்டுவிடுவோம். பொறுமை இல்லாதவன் அணைந்துவிட்டதா என்று கிளறிப் பார்ப்பான், அடியில் எரியாமல் கிடக்கும் சோடியம் காற்றுப் பட்டுத் திரும்ப எரியும். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இந்தக் கிளறும் கையை நிறுத்துவதுதான் கடினம்.

கோவை_லேத் எழுதியது:

ஐயா, இது எனக்குப் பெரிய உதவி. தரை விஷயம் யோசித்தே பார்க்கவில்லை.

ஒரு சந்தேகம். கொஞ்சம் தண்ணீர் ஆபத்து, சரி. ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து வெள்ளம் போல அடித்தால் சூடு இறங்கி அணைந்துவிடாதா?

ஹோஸ்பைப் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி.

1955 ஜூன் 11. பிரான்ஸில் லெ மான் கார் பந்தயம். மெர்சிடிஸ் கார் ஒன்று கூட்டத்துக்குள் சிதறிப் பாய்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரின் உடல் மக்னீசியக் கலவை. அங்கிருந்தவர்கள் தண்ணீரை அடித்தார்கள், தீ இன்னும் வெள்ளையாக எழுந்தது. மணிக்கணக்கில் எரிந்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினும் மக்னீசிய வார்ப்புதான். இன்றைய கார்களிலும் ஸ்டீயரிங் சட்டம், சீட் சட்டம் என்று அங்கங்கே இருக்கும். கார் தீயில் தண்ணீர் பட்டவுடன் திடீரென வெள்ளைப் பொறி தெறித்தால் பின்வாங்கு, பக்கவாட்டிலிருந்து தூரத்தில் நின்று அடி என்றுதான் புதிய வீரர்களுக்குச் சொல்வோம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மேல் விழுந்த தீக்குண்டுகள் மக்னீசியக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவு. வீட்டுக்கு வீடு கைப்பம்பு கொடுத்துப் பழக்கினார்கள். ஓடை போலப் பீய்ச்சினால் குண்டு வெடித்துச் சிதறும், பூத்தூவலாக அடித்தால் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தண்ணீர் மக்னீசியத்தை அணைக்கவில்லை, விரைவாக எரித்துத் தீர்த்தது. அணைத்தது சுற்றியிருந்த மரத்தையும் திரைச்சீலையையும்தான். ஒரு கிலோவுக்கு அது சரி, ஒரு டிரம்முக்கு அல்ல.

எங்கள் வண்டி வந்தாலும் மக்னீசியம் மேல் அடிக்க மாட்டோம், பக்கத்துக் கட்டடத்தைக் காப்பாற்றுவோம். ஆனால் எங்களிடம் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். 101க்கு அழைக்கும்போதே "மக்னீசியம் எரிகிறது, தண்ணீர் அடிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். வாசலில் நின்று வண்டியை மறித்து இன்னொரு முறை சொல்லுங்கள். முடிந்தால் இப்போதே உங்கள் பகுதி நிலையத்துக்குப் போய் இங்கே மக்னீசியம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேதியாசிரியர் எழுதியது:

ஐயா சொன்னதோடு சேர்த்து 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் எரிந்த தீயையும் பார்க்க வேண்டும். யுரேனிய எரிபொருள் தண்டுகள் உள்ளேயே எரிந்தன. முதலில் பக்கத்து நிலையத்திலிருந்து 25 டன் கார்பன் டை ஆக்சைடு கொண்டுவந்து செலுத்தினார்கள், பலனே இல்லை. பிறகு வெடித்துவிடுமோ என்ற பயத்தோடு தண்ணீரை விட்டார்கள். தண்ணீரும் முதலில் எடுபடவில்லை. உலைக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்த விசிறிகளை நிறுத்திய பிறகுதான் தீ அடங்கியது. தண்ணீர் விட்டும் தப்பித்த இடங்கள் இருக்கின்றன என்பதற்காக யாரும் அதை வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வேறு வழியே மிஞ்சியிருக்கவில்லை.

பட்டறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தீப்பிடித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன், டஸ்ட் கலெக்டர், பெடஸ்டல் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

பட்டாசுஊர்க்காரன் எழுதியது:

சிவகாசிப் பக்கத்துக்காரன் நான். எங்களிடம் இருப்பது கட்டி உலோகம் இல்லை, அலுமினியத் தூள். மாவைவிட மெல்லியது. கட்டி அலுமினியத்தை அடுப்பில் வைத்தாலும் எரியாது, இந்தத் தூள் பொறி பட்டால் போதும்.

ஈரம் பற்றிப் பேசினீர்கள். எங்களுக்கு அதுதான் முதல் எதிரி. அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்த பட்டாசு மருந்தில் ஈரம் ஏறினால் எந்தப் பொறியும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே சூடேறும், அம்மோனியா நெடி வரும். விவரம் தெரிந்தவர்கள் ஈரக் கலவையில் போரிக் அமிலம் கொஞ்சம் சேர்ப்பது அதற்காகத்தான். மழைநாளில் மீந்த மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதும் அதற்காகத்தான். நெடி வந்தால், தொட்டுச் சூடு தெரிந்தால், ஆளை வெளியே அனுப்புவதுதான் ஒரே வேலை. மருந்து பற்றிய பிறகு எந்தப் பொடியும் உதவாது. நைட்ரேட்டில் ஆக்சிஜன் கூடவே இருக்கிறது. அணைக்கப் போனவர்களைத்தான் நாங்கள் அதிகம் இழந்திருக்கிறோம்.

கோவை நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பையன்கள் ஹவுசிங் விளிம்பில் நிற்கும் பிசிறை, அதாவது பர் எடுக்கக் கிரைண்டர், பாலிஷ் வீல் பயன்படுத்துவார்கள். தூள் அங்கேதான் பிறக்கும். சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2 அன்று அலுமினியச் சக்கரம் பாலிஷ் போடும் ஆலையில் தூள் வெடித்தது. சேகரிப்பானில் இருந்த தூளில் ஈரம் ஏறிச் சூடானதில் ஆரம்பித்தது. காயம்பட்டுப் பின்னால் இறந்தவர்களையும் சேர்த்தால் 146 பேர். படிந்த தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறதே, அதை இந்த வேலைக்கு அறவே நிறுத்துங்கள்.

கோவை_லேத் எழுதியது:

ஏர் கன் எங்கள் பட்டறையில் எல்லோர் கையிலும் இருக்கிறது. மக்னீசியம் மெஷின் பக்கத்தில் அந்த லைனையே துண்டித்துவிடுகிறேன். பர் எடுப்பதைக் கையால் அரத்தில் செய்ய முடியுமா என்று கஸ்டமரிடம் பேசுகிறேன்.

இப்போது பொடி விஷயம். விற்பவரிடம் என்ன கேட்டு வாங்குவது? "டி கிளாஸ்" என்று மட்டும் சொன்னால் போதுமா?

நிலா_சேஃப்டி எழுதியது:

போதாது அண்ணா. டி என்பதற்குள்ளேயே பொடிகள் வேறுவேறு. எந்த உலோகத்துக்கு என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். ஏ, பி வகைகளுக்கு இருப்பதுபோல இதற்கு ஒரே அளவில் தர எண் கிடையாது. எந்த உலோகம், எவ்வளவு வரை என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு உப்புப் பொடி பொருந்தும். சோடியம் குளோரைடோடு, ஈரம் ஏறிக் கட்டியாகாமல் இருக்க ஒரு சேர்மமும், சூட்டில் உருகி உப்பை ஒட்ட வைக்கும் பிளாஸ்டிக் பொருளும் கலந்திருக்கும். எரியும் உலோகத்தின் மேல் கெட்டியான ஓடு கட்டிவிடும். மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் இது ஆகும். சமையல் உப்பை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். நம் ஊர் ஈரத்தில் அது ஒரே மாதத்தில் நீர் விட்டுவிடும்.

கிராபைட் பொடி காற்றை மறைப்பதோடு சூட்டையும் கடத்தி எடுக்கும். லித்தியம் உலோகத்துக்கு உப்புப் பொடி கூடாது. சூட்டில் லித்தியம் அந்த உப்பிலிருந்து சோடியத்தையே வெளியே தள்ளும். அதற்குக் கிராபைட் அல்லது தாமிரத் தூள். தாமிரத் தூளை அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. செங்குத்தான பரப்பிலும் ஒட்டி நிற்கும் என்பது அதன் சிறப்பு. அணுசக்தி இடங்களில் பேரியம் குளோரைடு கலந்த மூன்று உப்புக் கலவை ஒன்று உண்டு. அது நச்சு, பட்டறைக்கு வேண்டாம்.

அடுத்தது, நாசில். குழாய் முனையில் நீளமான தடியும் பொடியை மெதுவாகக் கொட்டும் அகன்ற வாயும் இருக்க வேண்டும். சாதாரண ஏபிசி நாசில் வைத்த சிலிண்டரில் டி பவுடரை நிரப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. வாங்காதீர்கள்.

மணல்வாளி சார் சொன்ன செலவுப் பிரச்சினை நியாயமானது. அதே பொடி டின்னாகவும் கிடைக்கும். மூடிய டின்னும் நீளக் கைப்பிடி ஸ்கூப்பும் ஒரு லேத்துக்குப் போதும். சிலிண்டரைவிட மலிவு, ஊதிச் சிதறும் ஆபத்தும் இல்லை. எங்கள் லைனில் சின்னத் தீ இரண்டு முறை வந்தபோதும் பையன்கள் எடுத்தது ஸ்கூப்பைத்தான்.

மணல்வாளி எழுதியது:

டின்னும் ஸ்கூப்பும் என்றால் எனக்குச் சம்மதம். கூடவே கோர் சாண்ட் டிரம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எரிகிற குவியலைச் சுற்றி வரப்பு கட்டவாவது உதவும். உலர்ந்த மணல் வேண்டும் என்றால் சொல்லுங்கள், எங்கள் ட்ரையரிலிருந்து தருகிறேன்.

ஹோஸ்பைப் எழுதியது:

வரப்பு கட்ட மணல், நல்ல யோசனை. மூடிய பிறகு என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டில் எங்காவது சிவப்போ வெடிப்போ தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னும் ஒரு ஸ்கூப். காலால் தட்டுவது, ட்ரேயோடு தூக்கி வெளியே ஓடுவது இரண்டும் கூடாது. அடுத்த ஷிஃப்டை நிறுத்தி வையுங்கள். கை வைக்கும் அளவுக்கு முழுசாக ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். தீ ட்ரேயைத் தாண்டிவிட்டால், டிரம் பற்றிவிட்டால், பையன்கள் வெளியே வர வேண்டும். பொடி தீரும் வரை போராட வேண்டாம் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். முதலாளி சொன்னால்தான் விட்டுவிட்டு வருவார்கள்.

கோவை_லேத் எழுதியது:

சொல்லிவிடுகிறேன் ஐயா. கஸ்டமரிடம் பேசினேன். பொடி டின் செலவில் பாதியை அவர்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பீளமேடு பக்கம் விசாரித்ததில் மக்னீசியம் என்று லேபிளில் அச்சடித்த பொடி ஒருவரிடம் இருக்கிறது. நாளை போய்ப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. வெட்டி முடித்த சிப்ஸை ஸ்கிராப்காரர் வந்து எடுக்கும் வரை எப்படி வைப்பது? டின்னை எங்கே வைப்பது?

நிலா_சேஃப்டி எழுதியது:

சிப்ஸ் உலர்ந்ததாக இருந்தால் மூடியுள்ள இரும்பு டிரம்மில். பிளாஸ்டிக் டிரம், சாக்கு இரண்டும் வேண்டாம். எண்ணெயோ ஈரமோ பட்டவற்றைத் தனி டிரம்மில் போட்டு, மூடியில் ஹைட்ரஜன் வெளியேற ஒரு துளை விடுங்கள். பட்டறைக்கு வெளியே, மழை படாத கூரைக்கு அடியில், மற்ற ஸ்கிராப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சேரவிடாமல் அடிக்கடி எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பவரிடம் இது மக்னீசியம் என்று எழுதிக் கொடுங்கள். அவர் யார்டிலும் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள்.

பொடி டின்னை மெஷினை ஒட்டி வைக்காதீர்கள். தீ வந்தால் அதைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். பையன் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில், நாலு எட்டு தள்ளி. அந்த மெஷினுக்குப் பக்கத்திலிருக்கும் ஏபிசி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்களை எலக்ட்ரிக் பேனல் பக்கம் மாற்றிவிடுங்கள். பதற்றத்தில் கை முதலில் எட்டுவதைத்தான் எடுக்கும்.

கோவை_லேத் எழுதியது:

இன்றைக்கே மாற்றுகிறேன். மணல்வாளி சார், ஞாயிற்றுக்கிழமை டிரம்மோடு உங்கள் ஃபவுண்டரிக்கு வரலாமா?

மணல்வாளி எழுதியது:

வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல். மூடி இறுக்கமான டிரம்மாகக் கொண்டுவாருங்கள்.